ராமேஸ்வரம் போக எத்தனை நாள்? - ஒரு தீவுப் பயணத்தின் வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி காஞ்சிபுரம் போகும் வழியில் இருக்கிறது சுங்குவார்சத்திரம். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் நினைவுக்கு வருவது செல்போன் தொழிற்சாலைகள், விடியற்காலையில் ஓடும் கம்பெனி பஸ்கள், பெண் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் விடுதிகள், 2024-ல் ஒரு மாதத்துக்கு மேல் நடந்த சாம்சங் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். ஆனால் ஊர்ப் பெயரின் பின்பாதி வேறொரு காலத்தைச் சொல்கிறது. சத்திரம்! வழிப்போக்கர்கள் இராத் தங்கவும் ஒரு வேளை பசியாறவும் யாரோ ஒரு புண்ணியவான் கட்டி வைத்த இடம்.

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட பெயர்களைத் தேடினால் ஒரு விஷயம் புரியும். பழைய சாலைகள் எல்லாம் சத்திரத்திலிருந்து சத்திரத்துக்குத்தான் போயிருக்கின்றன. அதிலும் ராமேஸ்வரம் போகிற வழியைப் பாருங்கள். நிலம் முடிகிற இடத்துக்குப் பெயர் மண்டபம். கடலைத் தாண்டித் தீவுக்குள் போனால் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். ராமேஸ்வரத்தைத் தாண்டி தனுஷ்கோடி பக்கம் போனால் முகுந்தராயர் சத்திரம். பயணிகள் தங்கிப் போன இடங்களே ஊர்களாகிவிட்டன.

இப்போது ஒரு தீவுக்குச் சுற்றுலா போவதென்றால் முதலில் லீவு, அப்புறம் டிக்கெட், அப்புறம் லாட்ஜ். இந்த மூன்றும் இல்லாத காலத்தில் ராமேஸ்வரம் என்ற தீவுக்கு மக்கள் எப்படித் திட்டமிட்டுப் போனார்கள்? இதற்கான பதில் சுவாரஸ்யமானது. சோகமானதும்கூட.

முதலில் தீவைப் பற்றிக் கொஞ்சம். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள கடல் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். 1480 வரை இங்கே நிலத்தொடர்பு இருந்தது என்றும், அந்த ஆண்டு வீசிய புயலில்தான் அது அறுந்துபோனது என்றும் கோயில் குறிப்புகளை வைத்துச் சொல்வார்கள். தீவின் வடபுறம் பாக் நீரிணை, தென்புறம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் இவற்றைப் பெண்கடல், ஆண்கடல் என்று பிரித்துப் பேசுவார்கள். வடக்கே ஆழம் குறைவு, அலை குறைவு. தெற்கே அலை அதிகம். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது அந்தப் பெண்கடலும் சும்மா இருக்காது. தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஆண்கடல் பக்கம் படகே இறக்க முடியாத நாட்களும் உண்டு. ஆக, வருடம் முழுவதும் ஏதாவது ஒரு பக்கம் காற்றுதான்.

பழங்காலத்தில் இந்தத் தீவுக்கு யாரும் பொழுதுபோக்கப் போகவில்லை, யாத்திரையாகத்தான் போனார்கள். காசியிலிருந்து கங்கை நீரைக் கொண்டு வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். சேதுவில் மணல் எடுத்துக் காசிக்குக் கொண்டுபோய்க் கங்கையில் கரைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் யாத்திரை முழுமை என்பது நம்பிக்கை. யோசித்துப் பாருங்கள், இந்தியாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, பெரும்பாலும் கால்நடையாக! சுங்குவார்சத்திரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கே ஏறக்குறைய 550 கிலோமீட்டர். நாளுக்கு 20 கிலோமீட்டர் நடந்தாலும் நான்கு வாரம் ஆகிவிடும். காசிக்காரருக்கோ மாதக்கணக்கு. இத்தனாம் தேதி சேருவோம், இத்தனாம் தேதி திரும்புவோம் என்று கணக்குப் போடவே முடியாது.

அப்படியானால் அந்தப் பயணத்துக்குத் திட்டமே இல்லையா? இருந்தது. அதைப் போட்டது பயணி அல்ல, வழியில் இருந்தவர்கள்.

ராமநாதபுரத்து மன்னர்களின் பட்டப்பெயரே சேதுபதி. சேதுவுக்குக் காவலர் என்று பொருள். 1605-ஐ ஒட்டி மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர், சடைக்கத் தேவரைச் சேதுபதியாக நியமித்ததற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம், ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களை வழியில் கள்ளர் பயமில்லாமல் காப்பது. ஒரு அரச வம்சத்தின் முதல் வேலையே பயணிகளின் பாதுகாப்பு! மதுரையை 1689-லிருந்து 1706 வரை பேரனுக்காக ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் உள்ள சத்திரம் இன்றும் நிற்கிறது.

இதில் எல்லாவற்றையும்விடத் தெளிவாக நமக்குத் தெரிவது தஞ்சாவூர் மராத்திய மன்னர்களின் சத்திரங்களைப் பற்றித்தான். ஒரத்தநாடு, ராஜாமடம், மணமேல்குடி, மீமிசல் என்று தஞ்சையிலிருந்து கடற்கரை ஓரமாக ராமேஸ்வரம் போகும் பாதையில் வரிசையாக இவை இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஊர்களும் நிலங்களும் மானியமாக விடப்பட்டிருந்தன. 1799-ல் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் ஓர் ஓய்வூதியமும். அந்த நிலையிலும் அவர் கம்பெனியிடம் விடாமல் கேட்டது சத்திரங்களைத்தான். 1801-ல் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் வரலாற்று ஆய்வாளர்களிடையே புகழ்பெற்றது.

அந்தக் கடிதத்தின்படி சத்திரங்களில் நடந்தது என்ன? வருகிறவர்கள் அத்தனை பேருக்கும், எந்தச் சாதியாக இருந்தாலும், சோறு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். இது நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். நோயில் விழுந்து மேற்கொண்டு நடக்க முடியாதவர்களுக்கு, குணமாகும் வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும். கைக்குழந்தைகளுக்குப் பால். கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு. வழியில் இறந்துபோனவர்களுக்கு அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கு. அநாதைக் குழந்தைகளுக்குப் படிப்பு.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்தால் ஒன்று தெரியும். பயணத்தில் என்னென்ன தவறிப்போகலாமோ அத்தனைக்கும் இதில் இடம் இருக்கிறது. பசி, காய்ச்சல், பிரசவம், சாவு. தாமதமாக வருகிறவனுக்காக நள்ளிரவில் ஒரு மணி! பயணி திட்டமிடாமல் கிளம்பலாம். ஏனென்றால் திட்டம் தவறுவதையும் சேர்த்தே இவர்கள் திட்டமிட்டிருந்தார்கள்.

(இதை வைத்துக்கொண்டு அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. பல சத்திரங்களில் பிராமணர்களுக்கு மட்டும்தான் சோறு. எல்லோருக்கும் போட்ட இடங்களிலும் பந்தி ஒன்றாக இருந்ததில்லை. தன் சத்திரத்துக்கு மானியம் கேட்டு எழுதும் மன்னர் அதன் பெருமையைக் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பார் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.)

சரி, சத்திரம் சத்திரமாக நடந்து மண்டபம் வந்தாயிற்று. இனி கடல். இங்கே எந்த ராஜாவின் திட்டமும் செல்லாது. படகுக்காரர் வானத்தைப் பார்த்துச் சொல்வதுதான். காற்று சரியில்லை என்றால் மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் நடந்து வந்தவருக்கு இரண்டு நாள் காத்திருப்பது ஒரு பெரிய விஷயமாக இருந்திருக்காது.

19-ம் நூற்றாண்டின் இறுதியிலும் இந்த நிலைதான். 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியதும், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றதும் படகுக் காலத்து நிகழ்ச்சிகள்.

அடுத்து ரயில் வந்தது. எல்லாமே மாறிப்போனது.

1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம் போடப்பட்டது. 1911-ல் கடலுக்குள் பாலம் கட்டும் வேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், 145 கண்கள். நடுவில் கப்பல் போவதற்காக இரண்டு கைகளைப் போலத் தூக்கித் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம். நாலு வாரம் நடந்த தூரத்தை ஒரு இரவில் கடந்துவிடலாம் என்றாயிற்று. சென்னை எழும்பூரில் ஏறினால் போட் மெயில் தனுஷ்கோடிக்கே கொண்டுபோய் விடும். அங்கே துறையில் நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடியும் ரயில், கொழும்பு. சென்னையிலிருந்து கொழும்புவரை ஒரே டிக்கெட்! கப்பல்களுக்கு இர்வின், கோஷன் என்று வெள்ளைக்கார வைஸ்ராய், கவர்னர் பெயர்கள்.

எல்லோருக்கும் இது உல்லாசப் பயணமாக இருக்கவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலித் தொழிலாளர்களை மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தடுத்து வைத்து, உடல் பரிசோதனை செய்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே அனுப்பினார்கள். அவர்களுக்கும் ஒரு காத்திருப்பு இருந்தது, ஆனால் காற்றுக்காக அல்ல.

ரயில் வந்ததும் சத்திரங்களின் தேவை குறைந்தது. ஒரத்தநாட்டில் நிற்க யாருக்கு நேரம்? பயணத்தின் திட்டம் இப்போது ரயில்வே கால அட்டவணைக்குள் போய்விட்டது. ஐம்பது வருடம் அப்படியே ஓடியது. தனுஷ்கோடியில் ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் வந்தன. புனித நீராட வருகிறவர்கள், இலங்கைக்குப் போகிறவர்கள், சும்மா கடல் பார்க்க வருகிறவர்கள் என்று ஊர் கலகலப்பாக இருந்தது.

1964 டிசம்பர். அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு, புயலாக வலுத்து 22-ம் தேதி இலங்கையின் வவுனியா பக்கம் கடந்து பாக் நீரிணைக்குள் வந்தது. நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும் அன்று ராமேஸ்வரத்தில்தான் இருந்தார்கள். பகலில் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் திரும்பிவிட்டதால் தப்பினார்கள் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

அன்று நள்ளிரவை ஒட்டி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பியது 653 எண்ணுள்ள பாசஞ்சர் ரயில். ரயில்வே கணக்குப்படி 110 பயணிகள், 5 ஊழியர்கள். தனுஷ்கோடிக்குச் சற்று முன்பு சிக்னல் வேலை செய்யவில்லை. சிறிது நேரம் நின்று பார்த்த ஓட்டுநர் நீளமாக விசில் கொடுத்துவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார் என்று சொல்வார்கள். ஆனால் அந்த ரயிலில் இருந்த யாரும் உயிரோடு திரும்பவில்லை; அதனால் கடைசி நிமிடங்களில் என்ன நடந்தது என்பது பின்னால் ஊகித்துச் சொன்னதுதான். இருபது அடிக்கு மேல் எழும்பிய அலை வண்டியை மொத்தமாகக் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இறந்தவர்கள் 200 பேர் இருக்கலாம் என்பாரும் உண்டு. தந்திக் கம்பிகள் எல்லாம் அறுந்துபோனதால் செய்தி வெளியே தெரியவே வெகு நேரமாயிற்று. புயலில் மொத்தம் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்று மதிப்பிடப்படுகிறது.

அந்த ஓட்டுநரைக் குறை சொல்வது நியாயமல்ல. அவருக்குச் சிக்னலும் அட்டவணையும் இருந்தன. 'காற்று சரியில்லை, இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்கிற பழைய படகுக்காரரின் இடத்தில்தான் யாரும் இல்லை. பாலம் வந்ததோடு அந்த ஆளின் வேலை போய்விட்டது.

ராமேஸ்வரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கோயிலுக்குள் ஒதுங்கி உயிர் பிழைத்தார்கள். 1,212 தூண்கள் கொண்ட அந்தப் புகழ்பெற்ற மூன்றாம் பிரகாரம், சேதுபதிகள் 18-ம் நூற்றாண்டில் கட்டி முடித்தது. வழிப்போக்கர்களைக் காக்க வந்த வம்சம் எழுப்பிய கல் மண்டபம் இருநூறு வருடம் கழித்து ஒரு ஊரையே காப்பாற்றியது! தனுஷ்கோடியோ மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தின் கண்கள் நூற்றுக்கும் மேல் அடித்துப் போகப்பட்டன. பின்னாளில் டெல்லி மெட்ரோவால் நாடறிந்த இ.ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியாளர். அவர் தலைமையில் 46 நாட்களில் பாலம் சரி செய்யப்பட்டது. ரயில் மறுபடி ஓடியது, ஆனால் ராமேஸ்வரம் வரைதான். இலங்கைக் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் போய்வந்தது. 1980-களில் இலங்கையில் போர் மூண்டபோது அதுவும் நின்றது.

1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலத்தை ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதன் பிறகுதான் பஸ்ஸிலும் காரிலும் வரும் சுற்றுலாக்காரர்கள் பெருகினார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் முகுந்தராயர் சத்திரம் வரைதான் சாலை. அதற்கு மேல் மணலில் ஆடி ஆடிப் போகும் ஜீப்பும் வேனும்தான். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டதும் அந்த ஆட்டமும் முடிந்தது. இடிந்த மாதா கோயிலின் முன்னால் இன்று வரிசையாக வண்டிகள் நிற்கின்றன. இன்னொரு பக்கம், எல்லோரும் பயந்த அதே காற்றுக்காகவே வருகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடல் மேல் சறுக்கும் விளையாட்டுக்கு இந்தத் தீவு இப்போது பேர்போன இடம்.

இனி, சுங்குவார்சத்திரத்தில் வேலை பார்க்கும் ஒரு தொழிலாளி இந்தத் தீவுக்குப் போகத் திட்டமிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி, வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த 240 நாளை 180 ஆக்கியது. தமிழ்நாட்டின் 1958-ம் ஆண்டுச் சட்டமோ குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு பண்டிகைகளுக்காக இன்னும் ஐந்து நாள் விடுமுறை தரச் சொன்னது. இந்தச் சட்டங்கள் சும்மா கிடைத்தவை அல்ல. உலகம் முழுக்கத் தொழிலாளர்கள் கேட்டு வாங்கியவை. கூலி வாங்கிக்கொண்டே ஊர் சுற்றலாம் என்பது யாத்ரீகர் காலத்தில் யாரும் கேள்விப்படாத விஷயம்.

ஆனால் காலண்டரைக் காற்றோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். நாலு நாள் சேர்ந்தாற்போல் ஊருக்குப் போகக் கிடைப்பது ஆயுத பூஜை, தீபாவளி சமயத்தில். அது ஐப்பசி, அடைமழைக் காலம். 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் அருகே வந்து வலுவிழந்தது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மே தினத்தில் போனால் வெயில் மண்டையைப் பிளக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை வேறு, நல்ல மீன் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஆகஸ்டில் தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். மிஞ்சுவது பொங்கலும் குடியரசு தினமும். தை மாதம்தான் தீவு அமைதியாக இருக்கும் காலம். ஆனால் தை அமாவாசையை ஒட்டிப் போனால் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. ரயில் டிக்கெட்டோ 60 நாள் முன்னதாகத்தான் திறக்கும். பொங்கல் டிக்கெட் எத்தனை நிமிடத்தில் தீரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை இரவு ஏறி, ஞாயிறு முழுக்கச் சுற்றி, இரவே திரும்பி, திங்கள் காலை ஷிப்டுக்குக் கார்டு தேய்க்க வேண்டும். அந்தத் திட்டத்தில் காற்றுக்காக ஒரு நாள் ஒதுக்க இடம் எங்கே? சரபோஜியின் சத்திரத்தில் நோயாளிக்கு நாள் கணக்கே கிடையாது. இங்கே ஒரு நாள் தவறினால் சம்பளம் பிடித்தம். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் வேலையே போனாலும் போகும். அதனால்தான் அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது என்று பலகை வைத்த பிறகும், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்றைக்கு விட்டால் எப்போது' என்று சிலர் இறங்கிவிடுகிறார்கள். இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது.

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும் வரை, இரண்டு வருடத்துக்கு மேல் ராமேஸ்வரம் ரயில்கள் மண்டபம், ராமநாதபுரம் பக்கமே நின்றன. பயணிகள் இறங்கி மூட்டை முடிச்சுகளோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். புதிய பாலத்தின் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி லிப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகும். எந்த எக்ஸ்பிரஸாக இருந்தாலும் காற்று தணியும் வரை கரையிலேயே நிற்க வேண்டும். புதிய பாலத்திலும் காற்றை அளந்து பார்த்த பிறகுதான் ரயிலுக்கு வழி.